கால்வாயில் கழிவுநீர்: வயலைக் காப்பது எப்படி?

"கால்வாயில் சாக்கடை கலந்து வருகிறது. இந்தத் தண்ணீரை வயலுக்குப் பாய்ச்சலாமா? பாய்ச்சினால் பயிர் என்ன ஆகும்? பாய்ச்சாவிட்டால் வேறு தண்ணீருக்கு எங்கே போவது?" நகரங்களை ஒட்டிய பாசன நிலங்களில் சாகுபடி செய்யும் சிறு விவசாயிகள் அனைவருக்கும் உள்ள கவலை இது. தாமிரபரணிப் பாசனத்தில், குறிப்பாக நெல்லைக் கால்வாய், பாளையங்கால்வாய் ஆகியவற்றின் கடைமடைப் பகுதிகளில், இந்தக் கவலை ஆண்டுக்கு ஆண்டு கூடி வருகிறது. கழிவுநீரில் என்ன இருக்கிறது, அதைத் தெளிய வைப்பது எப்படி, அது தெளியும் வரை நம் வயலையும் உடலையும் காத்துக்கொள்வது எப்படி என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

ஆறும் கால்வாயும்

பொதிகை மலையில் பிறந்து சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் அருகே கடலில் சேர்வது தாமிரபரணி. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகள் இதன் குறுக்கே உள்ளன. கடைசியாக உள்ள ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு ஆங்கிலேயர் ஆட்சியில் 19 ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. மற்ற ஏழும் அதற்கும் பல காலம் முந்தியவை.

இவற்றுள் பழவூர் அணைக்கட்டிலிருந்து பாளையங்கால்வாயும், சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து நெல்லைக் கால்வாயும் பிரிகின்றன. இவை இரண்டும் ஊருக்கு வெளியே மட்டும் ஓடுபவை அல்ல. ஒன்று மேலப்பாளையம், பாளையங்கோட்டை வழியாகவும், மற்றொன்று பேட்டை, திருநெல்வேலி நகரம் வழியாகவும் செல்கின்றன. கால்வாய் வெட்டிய காலத்தில் கரையில் வயல்கள் இருந்தன. இன்று பல இடங்களில் வீடுகள் இருக்கின்றன. 2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி திருநெல்வேலி மாநகராட்சியில் 4,73,637 பேர் வசித்தனர். இத்தனை பேர் குளித்து, துவைத்து, கழித்த நீர் எங்காவது போயாக வேண்டும். பாதாளச் சாக்கடையில் சேர்ந்து சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகாத நீர், பள்ளம் பார்த்து ஓடி, கால்வாயிலோ ஆற்றிலோ விழுகிறது.

இந்தப் பிரச்சினை நீதிமன்றம் வரை சென்றது. 2024 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகள் இருவர் திருநெல்வேலிக்கு நேரில் வந்து, ஆற்றில் கழிவுநீர் கலக்கும் இடங்களைப் பார்வையிட்டனர். நீதிமன்றமும் நகராட்சிகளும் செய்ய வேண்டிய பணி ஒரு புறம் இருக்க, மடையைத் திறக்கும் விவசாயிக்குத் தெரிந்திருக்க வேண்டியவை சில உண்டு.

கழிவுநீரில் என்ன இருக்கிறது?

வீட்டுக் கழிவுநீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் வெறும் தண்ணீரே. எஞ்சிய சிறு பங்கில் நான்கு வகைப் பொருள்கள் உள்ளன.

முதலாவது, அழுகும் பொருள்கள். சோற்றுக் கஞ்சி, எண்ணெய், மலம் முதலியவை. இவற்றை நீரில் உள்ள நுண்ணுயிர்கள் தின்று செரிக்கின்றன. அப்போது நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைப் பயன்படுத்திக் கொள்கின்றன. நம் ஊர் வெப்பத்தில் ஒரு லிட்டர் சுத்தமான ஆற்று நீரில் 7 முதல் 8 மில்லிகிராம் பிராணவாயுதான் கரைந்திருக்கும். அழுகும் பொருள் அதிகமானால் அது தீர்ந்துவிடும். மீன்கள் செத்து மிதக்கும், நீர் கறுத்து நாறும்.

இரண்டாவது, பயிர்ச் சத்துக்கள். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து மூன்றும் உள்ளன.

மூன்றாவது, உப்புக்கள். சோப்பு, சலவைத்தூள், சமையல் உப்பு ஆகியவற்றிலிருந்து சோடியம் சேருகிறது.

நான்காவது, நோய்க் கிருமிகளும் குடற்புழு முட்டைகளும். கண்ணுக்குத் தெரியாத இவைதான் எல்லாவற்றிலும் ஆபத்தானவை.

இந்த நான்கில் இரண்டாவது பயிருக்கு வேண்டியது. மற்ற மூன்றும் வேண்டாதவை. வேண்டாததைப் பிரித்துவிட்டு வேண்டியதை வைத்துக்கொள்வதே கழிவுநீர் ஆராய்ச்சியின் நோக்கம்.

ஒரு சிறு கணக்கு

கழிவுநீரில் உள்ள உரத்தின் அளவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓர் ஏக்கரில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் கட்டினால் சுமார் 2 லட்சம் லிட்டர் ஆகும். கலப்பில்லாத சாக்கடையில் லிட்டருக்கு 40 மில்லிகிராம் தழைச்சத்து இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு பாய்ச்சலில் 8 கிலோ தழைச்சத்து வயலுக்குள் வருகிறது. இது சுமார் 17 கிலோ யூரியாவுக்குச் சமம்.

கால்வாயில் முழுவதும் சாக்கடை வருவதில்லை. நான்கில் ஒரு பங்கு சாக்கடை என்று கொண்டால் ஒரு பாய்ச்சலுக்கு 2 கிலோ தழைச்சத்து. ஒரு போகத்தில் 15 முறை பாய்ச்சினால் 30 கிலோ. இதில் ஒரு பகுதி காற்றில் போய்விடும். பாதி கிடைத்தாலும் 15 கிலோ, அதாவது 32 கிலோ யூரியா.

அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் அம்பை 16 போன்ற குறுகிய கால நெல்லுக்கு ஏக்கருக்குச் சுமார் 48 கிலோ தழைச்சத்து பரிந்துரைக்கப்படுகிறது. அந்த முழு அளவையும் பையிலிருந்து இட்டு, அதன் மேல் கால்வாய் கொண்டுவரும் 15 கிலோவும் சேர்ந்தால் என்ன ஆகும்? பயிர் கருகருவென்று தழைக்கும். பார்க்க அழகாக இருக்கும். பிறகு இலைச்சுருட்டுப்புழு வரும், புகையான் வரும், குலைநோய் வரும். கதிர் முற்றும் வேளையில் பயிர் சாயும். பதர் மிகும். உரத்துக்கும் செலவு, பூச்சி மருந்துக்கும் செலவு, மகசூலோ குறைவு. கால்வாயில் சாக்கடை வருவது தெரிந்தும் வழக்கமான உரத்தை அப்படியே இடுவது இருமுறை நஷ்டம்.

கழிவுநீர் தெளிவது எப்படி?

கழிவுநீரைத் தெளிய வைக்கும் வேலையை உண்மையில் செய்வது இயந்திரம் அல்ல. வெயில், காற்று, நுண்ணுயிர், நேரம் ஆகிய நான்கும்தான். பொறியியல் வல்லுநர்கள் இந்த நான்குக்கும் வசதி செய்து கொடுக்கிறார்கள், அவ்வளவே.

குட்டை முறை: அடுத்தடுத்து மூன்று வகைக் குட்டைகள் வெட்டுவார்கள். ஆழமான முதல் குட்டையில் கசடு அடியில் தங்கி, காற்றில்லாமல் செரிக்கிறது. இரண்டாவது குட்டையில் பாசி வளர்கிறது. பாசி வெயிலில் பிராணவாயுவை வெளிவிடுகிறது. அதை வாங்கிக்கொண்டு நுண்ணுயிர்கள் மீதி அழுக்கைத் தின்கின்றன. ஆழம் குறைந்த மூன்றாவது குட்டையில் வெயில் பட்டு நோய்க் கிருமிகள் சாகின்றன. நீர் பல நாள் தங்குவதால் புழு முட்டைகளும் கீழே படிந்துவிடுகின்றன. மின்சாரம் வேண்டாம். ஆனால் நிலம் நிறைய வேண்டும்.

நாணல் படுகை முறை: இரண்டடி ஆழத்துக்குச் சல்லி நிரப்பிய படுகையில் நாணல், சம்பு, கல்வாழை போன்றவற்றை நட்டு, கழிவுநீரைச் சல்லிக்குள் மெல்ல ஓடவிடுவது. வேர்களிலும் சல்லியிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்றுவிடும். நீர் சல்லிக்கு மேலே தெரியாதபடி ஓடுவதால் கொசுவும் துர்நாற்றமும் இல்லை. ஜெர்மனியில் 1950-களில் தொடங்கிய ஆராய்ச்சி இது. நம் நாட்டில் நாகபுரியில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் இதை நம் தட்பவெப்பத்துக்கு ஏற்ப அமைத்து, 'பைட்டோரிட்' என்ற பெயரில் நடைமுறைக்குக் கொண்டுவந்துள்ளது. 1958 இல் தொடங்கப்பட்ட நிறுவனம் அது.

இயந்திர முறை: தொட்டிகளில் காற்றை ஊதி நுண்ணுயிர்களை வேகமாக வளர்ப்பது. நிலம் குறைவாகப் போதும். மின்சாரச் செலவு அதிகம். காற்று ஊதும் இயந்திரம் நின்றால் சுத்திகரிப்பும் நின்றுவிடும்.

திருநெல்வேலி மாநகராட்சியின் சுத்திகரிப்பு நிலையம் இராமையன்பட்டியில் உள்ளது. நிலையம் எவ்வளவு நன்றாக அமைந்தாலும், அதற்குக் குழாய் வழியாக வந்து சேரும் நீரைத்தான் அது சுத்தம் செய்ய முடியும். குழாயில் சேராத தெருவின் நீர் கால்வாய்க்குத்தான் வரும். ஆகவே வீட்டு இணைப்பு ஒவ்வொன்றும் முக்கியம்.

கல்கத்தா காட்டும் வழி

கழிவுநீரை வீணாக்காமல் பயன்படுத்துவதற்குக் கல்கத்தாவின் கிழக்குச் சதுப்பு நிலம் ஒரு பாடம். சுமார் 12,500 ஹெக்டேர் பரப்புள்ள அப்பகுதியில் நகரத்தின் கழிவுநீர் ஆழமற்ற ஏரிகளில் நிறுத்தப்படுகிறது. வெயிலில் பாசி வளர்ந்து நீர் தெளிகிறது. பாசியைத் தின்று மீன் வளர்கிறது. தெளிந்த நீர் நெல்லுக்கும் காய்கறிக்கும் பாய்கிறது. துருவஜோதி கோஷ் என்ற பொறியாளர் இதை ஆராய்ந்து உலகுக்கு எடுத்துச் சொன்னார். 2002 இல் அது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அங்கே சாக்கடை நேராக வயலுக்குப் போவதில்லை. முதலில் ஏரியில் நின்று, வெயில் பட்டு, பிறகுதான் போகிறது. சாக்கடைக்கும் வயலுக்கும் நடுவே நிற்க ஓர் இடம் இருக்கிறது. நம் கால்வாயில் இல்லாதது அந்த இடம்தான்.

தெரு முனையில் ஒரு படுகை

ஒரு மாநகரம் முழுவதற்கும் நாணல் படுகை அமைப்பது எளிதல்ல. வெப்பப் பகுதிகளில் ஒருவருக்கு 2 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், திருநெல்வேலியின் 2011 மக்கள்தொகைக்கே 230 ஏக்கருக்கு மேல் வேண்டும். எனவே நகரத்துக்குப் பெரிய நிலையங்கள்தான் வழி.

ஆனால் கால்வாய்க் கரையில் உள்ள ஒரு கிராமத்துக்கு இது எட்டாத காரியம் அல்ல. 100 வீடுகள், 400 பேர் உள்ள ஒரு தெருத் தொகுதியை எடுத்துக்கொள்வோம். தலைக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் தண்ணீர் செலவாகிறது, அதில் ஐந்தில் நான்கு பங்கு கழிவாக வெளியேறுகிறது என்றால், ஒரு நாளைக்குச் சுமார் 17,600 லிட்டர். இதற்கு வேண்டியவை:

1. கசடு தங்கும் மூடிய தொட்டி ஒன்று. 10 அடி நீளம், 10 அடி அகலம், ஆறரை அடி ஆழம் இருந்தால் ஒரு நாள் நீர் தங்கும்.

2. அதை அடுத்து, சல்லி நிரப்பிய நாணல் படுகை. 800 சதுர மீட்டர், அதாவது சுமார் 20 சென்ட். இது சற்றுத் தாராளமான அளவே. அடியில் களிமண்ணை மிதித்து இறுக்கியோ, பிளாஸ்டிக் தாள் விரித்தோ நீர் கீழே கசியாமல் செய்ய வேண்டும்.

3. படுகையிலிருந்து வெளிவரும் நீரைக் கால்வாயில் விடாமல், தென்னைக்கோ தீவனப்புல்லுக்கோ திருப்பும் ஒரு சிறு வாய்க்கால்.

20 சென்ட் புறம்போக்கு பல ஊர்களில் இருக்கிறது. பெரும்பாலும் அது குப்பை மேடாகக் கிடக்கிறது. கிராமசபைக் கூட்டத்தில் விவசாயிகளே இதை எழுப்பித் தீர்மானம் கொண்டுவரலாம். இடத்தின் மட்டம், தொட்டியின் அளவு ஆகியவற்றைப் பொறியாளர் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஆண்டுக்கொரு முறை நாணலை அறுப்பதும், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை தொட்டியின் கசடை எடுப்பதும் அவசியம். பராமரிக்க ஆள் இல்லாத படுகை இன்னொரு சாக்கடையாகிவிடும்.

அதுவரை வயலில் செய்ய வேண்டியவை

பொதுப்பணி நடக்கும்போது நடக்கட்டும். இந்தப் போகத்திலேயே விவசாயி தன் செலவில் செய்யக்கூடியவை உள்ளன.

தெளிவுக் குழி: மடைக்கும் வயலுக்கும் நடுவே ஒரு சென்ட் பரப்பில் மூன்றடி ஆழக் குழி வெட்டலாம். சுமார் 37,000 லிட்டர் கொள்ளும். வினாடிக்கு 5 லிட்டர் வீதம் தண்ணீர் வந்தால், இந்தக் குழியைக் கடக்க இரண்டு மணி நேரம் ஆகும். பிளாஸ்டிக், எண்ணெய், மிதக்கும் குப்பை மேலே நிற்கும். வண்டலும் கசடும், புழு முட்டைகளில் ஒரு பகுதியும் அடியில் தங்கும். நீர் நுழையும் இடத்தில் மூங்கில் தட்டி வைப்பது நலம். வெளியேறும் வாயில் கல்வாழை, சம்பு ஆகியவற்றை நெருக்கமாக நடலாம். இந்தக் குழியால் நோய்க் கிருமிகள் முழுவதும் அழியும் என்று எண்ணிவிடக் கூடாது.

காய்கறி பயிரிடுவோர்க்கு: சிறு அளவில் காய்கறி பயிரிடுவோர் மூன்று சிறு குழிகள் வைத்துக்கொள்ளலாம். ஒரு குழி நிரம்பும்போது, மற்றொன்று அசையாமல் ஒரு நாள் நிற்க, மூன்றாவதிலிருந்து தண்ணீர் எடுக்க வேண்டும். அடியைக் கலக்காமல் மேல் நீரை மட்டும் எடுப்பது முக்கியம். உலகச் சுகாதார நிறுவனம் 2006 இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் இந்த முறை உள்ளது. குழிகளில் கொசு வளராமல் இருக்கக் கம்பூசியா அல்லது கப்பி மீன்களை விடலாம்.

காய்ச்சலும் பாய்ச்சலும்: சாக்கடை கலந்த நீரை நெல் வயலில் எப்போதும் தேக்கி வைக்கக் கூடாது. மண்ணில் காற்றோட்டம் குறைந்து, அழுகல் வாயு உண்டாகி, வேர் கறுத்துவிடும். கட்டிய நீர் வற்றி, மண்ணில் சிறு வெடிப்புத் தோன்றிய பிறகு மறு பாய்ச்சல் கொடுக்கலாம். பூக்கும் தருணத்தில் மட்டும் காயவிடக் கூடாது.

இலை வண்ண அட்டை: மேலுரத்தைத் தேதி பார்த்து இடாமல், இலை பார்த்து இடவும். நட்ட 14 ஆம் நாளிலிருந்து பூக்கும் வரை, 7 முதல் 10 நாளுக்கு ஒரு முறை இலை வண்ண அட்டையோடு ஒப்பிட வேண்டும். பெரும்பாலான ரகங்களுக்கு 4 என்ற எண்ணுக்கும், வெள்ளைப் பொன்னிக்கு 3 என்ற எண்ணுக்கும் கீழே நிறம் குறைந்தால் மட்டும் யூரியா இட்டால் போதும். கால்வாய் எவ்வளவு உரம் கொண்டுவந்தது என்பதை இலையே சொல்லிவிடும்.

ஜிப்சம்: சோடியம் சேர்ந்தால் மண் இறுகும். மழை பெய்தால் நீர் உள்ளே இறங்காமல் மேலே நிற்கும். கடைசி உழவில் ஏக்கருக்கு 200 கிலோ ஜிப்சம் இடுவதும், தொழு உரமும் பசுந்தாள் உரமும் இடுவதும் மண்ணைக் காக்கும். மழைக்காலத்தில் வயலில் சேர்ந்த நீரை ஓரிரு முறை நன்கு வடிய விட்டால் உப்பும் வடியும்.

எந்தப் பயிர்?

நெல், தென்னை, வாழை, பருத்தி, பூ வகைகள் ஆகியவை இந்த நீருக்கு ஏற்றவை. வாழைத்தார் நிலத்தில் படாமல் உயரத்தில் இருக்கிறது, தோலை உரித்துத்தான் சாப்பிடுகிறோம். தேங்காயும் அப்படியே. அரிசி சமைத்த பிறகே உண்ணப்படுகிறது.

பச்சையாகத் தின்னும் வெள்ளரி, முள்ளங்கி, கொத்தமல்லி, புதினா ஆகியவற்றுக்கும் கீரைக்கும் இந்த நீரைப் பாய்ச்சக் கூடாது. கிணற்று நீர் இருந்தால் அதை இவற்றுக்கு ஒதுக்கவும். வேறு வழியே இல்லையென்றால், தூரில் மட்டும் நீர் விட்டு, அறுவடைக்கு முன் சில நாட்கள் பாய்ச்சலை நிறுத்தவும். வெயிலில் கிருமிகள் நாளுக்கு நாள் குறையும். பறித்த கீரையைக் கால்வாயில் அலசிக் கட்டுவது மிகத் தவறு. வயலில் செத்த கிருமிக்குப் பதில் புதுக் கிருமி ஏறிவிடும்.

உடலைக் காப்போம்

நாற்று நடுவோரும் களை எடுப்போரும் நாள் முழுவதும் இந்தச் சேற்றில் நிற்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கொக்கிப்புழு, வெறும் காலின் தோலைத் துளைத்து உடலுக்குள் போகும். இரத்தத்தை உறிஞ்சிச் சோகையை உண்டாக்கும். இந்தியாவில் சாக்கடைப் பண்ணைகளில் வேலை செய்தோரிடையே 1970-களில் நடந்த ஆய்வில், கொக்கிப்புழுவும் உருண்டைப்புழுவும் மற்ற விவசாயத் தொழிலாளரைவிட அதிகமாக இருந்தது தெரிய வந்தது. எலிக்காய்ச்சலும் தோல் வெடிப்பு, புண் வழியாகப் பரவும்.

காலில் புண் இருப்பவர் அந்த நீரில் இறங்கக் கூடாது. முடிந்தவரை ரப்பர் பூட்ஸ் அணிவது நலம். மடை திருப்பியபின் சோப்புப் போட்டுக் கை கால் கழுவாமல் சாப்பிடவோ பீடி புகைக்கவோ வேண்டாம். குழந்தைகளைக் குழியருகே விளையாட விடாதீர்கள். குடற்புழு மருந்து எப்போது எடுப்பது என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு நடக்கவும். கூலிக்கு வருபவர்க்கும் இதைச் சொல்ல வேண்டியது நிலம் உடையவரின் கடமை.

அமலைச்செடியும் கசடும்

கால்வாயை அடைக்கும் அமலைச்செடி, அதாவது ஆகாயத்தாமரை, சத்து மிகுந்த சாக்கடை நீரில்தான் வேகமாகப் பெருகுகிறது. அது நீரிலிருந்து எடுத்த சத்தை வயலுக்குத் திருப்பலாம். பூத்து விதைவிடும் முன் வாரி, இரண்டு நாள் வாடவிட்டு, துண்டாக நறுக்கி, சாணக் கரைசல் தெளித்து அடுக்கடுக்காகக் குவித்து, இருவாரத்துக்கு ஒரு முறை புரட்டினால் நல்ல மக்கு உரம் ஆகும். வாரிய செடியைக் கரையிலேயே போட்டுவிட்டால் அடுத்த மழையில் திரும்பக் கால்வாய்க்குள் போய்விடும்.

தெளிவுக் குழியின் கசடை எடுத்தவுடன் வயலில் இடக் கூடாது. அதில் உள்ள உருண்டைப்புழு முட்டைகள் எளிதில் சாவதில்லை. மேட்டில் குவித்து, மழை படாமல் மூடி, ஓர் ஆண்டுக்குக் குறையாமல் காயவிட்டு, பிறகு தென்னைக்கோ வாழைக்கோ இடலாம்.

ஓர் எச்சரிக்கை

இதுவரை சொன்னவை எல்லாம் வீட்டுக் கழிவுநீருக்கு மட்டுமே பொருந்தும். ஆலைக் கழிவுக்குப் பொருந்தாது. சாயமும் இரசாயன உப்பும் கன உலோகமும் குழியில் நின்றாலும் அழுகி மறைவதில்லை. நொய்யலாற்றின் ஒரத்துப்பாளையம் அணை இதற்குச் சாட்சி. 1992 இல் பாசனத்துக்காகக் கட்டிய அந்த அணையில் திருப்பூரின் சாயக் கழிவு தேங்கி, பாசனத்துக்கு உதவாமல் போயிற்று. கீழே உள்ள நிலங்களும் கிணறுகளும் உப்பேறின. 2011 இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாய ஆலைகள் மூடப்பட்டு, கழிவுநீரை அறவே வெளியேற்றாத முறைக்கு மாறிய பிறகே திறக்க வேண்டும் என்றாயிற்று. கெட்டுப்போன மண் ஆலை மூடிய மறுநாளே திரும்புவதில்லை. கால்வாயில் வண்ண நீரோ, எண்ணெய்ப் படலமோ, மருந்து நெடியோ கண்டால் மடையை அடைத்துவிட்டு, சுத்தமான பாட்டிலில் நீர் பிடித்து, நாளும் நேரமும் எழுதி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் புகார் கொடுக்க வேண்டும்.

நிலத்தையும் அவ்வாறே காக்க வேண்டும். 2024 டிசம்பரில் திருநெல்வேலிக்கு மேற்கே கோடகநல்லூர், நடுக்கல்லூர் முதலிய ஊர்ப்புறங்களில், கேரளத்திலிருந்து கொண்டுவந்த மருத்துவக் கழிவு கலந்த குப்பை கொட்டப்பட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டபின் லாரிகளில் திரும்ப எடுத்துச் செல்லப்பட்டது. ஊர் மக்கள் கண்டு சொன்னதால்தான் வெளியே தெரிந்தது. தரிசுதானே என்று குப்பை கொட்ட இடம் கொடுத்தால், மழைக்கு அந்தச் சாறு நம் கிணற்றுக்கும் அண்டை வயலுக்கும்தான் இறங்கும்.

தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள்

வீட்டிலேயே செய்யும் சோதனை ஒன்று உண்டு. கண்ணாடிப் பாட்டிலில் கால்வாய் நீரை முழுவதும் நிரப்பி, இறுக மூடி, இருட்டான இடத்தில் மூன்று நாள் வைக்கவும். கறுத்து, திறந்தவுடன் அழுகிய முட்டை நாற்றம் வீசினால் அழுகும் பொருள் மிகுதி என்று அறியலாம். அந்த நீரைத் தெளிவுக் குழியில் நிறுத்தாமல் வயலுக்கு விடக் கூடாது. ஆய்வுக்கூடத்திலும் நீரை 27 டிகிரி வெப்பத்தில் மூன்று நாள் வைத்து, எவ்வளவு பிராணவாயு செலவாயிற்று என்றுதான் அளக்கிறார்கள்.

உப்பின் அளவை அறிய, பருவத்துக்கு ஒரு முறை மண்ணையும் நீரையும் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்க்கவும். நீரின் மின்கடத்தும் திறன் 0.75 வரை இருந்தால் கவலையில்லை. 2.25-க்கு மேல் போனால் அந்த நீர் சாதாரணப் பயிர்களுக்கு ஆகாது. முடிவுகளைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். நான்கைந்து விவசாயிகள் சேர்ந்து இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு இப்படி எழுதி வைத்தால், குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கும்போது அந்த நோட்டுக்கு மதிப்பு இருக்கும்.

நினைவில் கொள்க

* சாக்கடை நீரை நேராக வயலுக்கு விடாமல், நடுவே ஒரு குழியில் நிறுத்தவும்.
* கால்வாய் கொண்டுவரும் தழைச்சத்தைக் கணக்கில் எடுத்து, யூரியாவைக் குறைக்கவும்.
* கீரைக்கும் பச்சையாகத் தின்னும் காய்க்கும் இந்த நீர் வேண்டாம்.
* வெறும் காலோடும் புண்ணோடும் இறங்க வேண்டாம்.
* ஆலைக் கழிவு கண்டால் மடையை அடைத்துப் புகார் செய்யவும்.
* தெருச் சாக்கடை கால்வாயில் விழும் இடத்தில் தொட்டியும் படுகையும் அமைக்கக் கிராமசபையில் கேட்கவும்.

கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்கும் முன், கால்வாய் வற்றியிருக்கும் கோடை நாட்களே குழி வெட்ட ஏற்ற காலம். எந்தெந்த இடத்தில் சாக்கடை விழுகிறது என்பதும் அப்போதுதான் தெளிவாகத் தெரியும். பாசனத்தார் நான்கு பேர் சேர்ந்து ஒரு காலைப் பொழுது கால்வாய்க் கரையில் நடந்து, அந்த இடங்களை எழுதி வைத்துக்கொள்வது நல்ல தொடக்கம்.